கிடேப்போவுக்கு ஏப்ரலில் போகலாமா?

2023 நவம்பர் 4, கேள்வி

திருப்பூரிலிருந்து கேட்கிறேன். நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், மாமனார் என நாலு பேர். மசாய் மாராவும் செரங்கெட்டியும் வேண்டாம். ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்கிற படத்தைப் பார்த்ததோடு ஆசை விட்டுப்போயிற்று. உகாண்டாவின் வடகிழக்கு மூலையில் கிடேப்போ பள்ளத்தாக்கு என்று ஒரு தேசியப் பூங்கா இருப்பதாகவும், அங்கே ஆளே வருவதில்லை என்றும் படித்தேன். ஏப்ரல் கடைசியில் பள்ளி லீவு, அப்போதுதான் முடியும். சாலை வழியாகப் போவது மடத்தனம், குட்டி விமானம்தான் ஒரே வழி என்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2023 நவம்பர் 5

ஏப்ரல் வேண்டாம்.

சாலையா விமானமா என்பது இரண்டாவது கேள்வி, தம்பி. முதல் கேள்வி மாதம். நான் கம்பாலாவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், ஆறு வருடமாகிறது. கிடேப்போவுக்கு இதுவரை ஒரு முறைதான் போயிருக்கிறேன், 2021 செப்டம்பரில். அது தப்பான மாதம். புல் எங்கள் வண்டியின் கண்ணாடி உயரத்துக்கு நின்றது. மூன்று நாளில் பார்த்தது யானையின் முதுகு, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, காட்டெருமையின் கொம்பு. முழு மிருகமாகப் பார்த்தது விடுதி வாசலில் மேய்ந்த வரிக்குதிரையை மட்டும்.

அந்தப் பூங்காவில் இரண்டு பள்ளத்தாக்கு இருக்கிறது. தெற்கே நாருஸ், வடக்கே கிடேப்போ. மழை ஏப்ரல் வாக்கில் பிடிக்கும், அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அப்போது எங்கும் தண்ணீர், எங்கும் புல், மிருகங்கள் சிதறிப் போய்விடும். நவம்பருக்கு மேல் காயத் தொடங்கினால் தண்ணீர் மிஞ்சுவது நாருஸ் பக்கம் மட்டும். பூங்காவின் பரப்பு 1,442 சதுர கிலோமீட்டர். அதில் உள்ள கால்நடை முழுக்க ஒரே ஊருணிக்கு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் பாதி வரை அங்கே உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வந்து போகும்.

ஆக ஏப்ரல் கடைசி என்றால் சேறும் புல்லும்தான். டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

2023 நவம்பர் 5, இரவு

‘கால்நடை’ என்று எழுதிவிட்டேன். காட்டு மிருகம் என்று படிக்கவும். அந்த ஊர்க்காரர்கள் கரமோஜோங், மாடே உலகம் என்று வாழ்கிறவர்கள். அவர்களை நினைத்துக்கொண்டே எழுதியதில் கை தவறிவிட்டது.

2023 நவம்பர் 9

இப்போது சாலை.

கம்பாலாவிலிருந்து கருமா, குலு, கிட்கும் வழியாகச் சுமார் 570 கிலோமீட்டர். கிட்கும் வரை தார்ச்சாலை, நம் ஊர் நான்குவழிச் சாலை இல்லை என்றாலும் நல்ல சாலை. அதற்கப்பால் ஓரோம், கரேங்கா என்று மண்பாதை. அது காய்ந்திருந்தால் மூன்று மணி நேரம். நனைந்திருந்தால் எத்தனை மணி நேரம் என்று கேட்கக் கூடாது, எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். வழியில் பாதி இடம் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பிறகு செருப்போடு வயலில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்பார்கள். ஓட்டலாம், ஆனால் மாமனாரை வைத்துக்கொண்டு வேண்டாம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் கம்பாலா நெரிசலில் மாட்டாமல் லுவேரோ தாண்டிவிடலாம். அங்கே சாலையோரம் அன்னாசி குவித்து வைத்திருப்பார்கள், வாங்குங்கள். கருமாவில் நைல் நதிப் பாலம் வரும், அதைப் படம் எடுக்காதீர்கள். பாலத்தில் ராணுவக் காவல் உண்டு, போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அங்கிருக்கும் பபூன் குரங்குகளுக்கு அன்னாசியைக் காட்டாதீர்கள். இரவு கிட்கும் ஊரில் தங்கி, மறுநாள் காலையில் மண்பாதையில் இறங்குவது உத்தமம்.

டீசலை நம்பிக்கையாகப் போட்டுக்கொள்ளக் கடைசி இடம் கிட்கும். டாங்கியை நிரப்பிவிட்டு, இருபது லிட்டர் கேன் ஒன்றையும் நிரப்புங்கள். உள்ளே சுற்றுவதற்கே மூன்று நாளில் 250 கிலோமீட்டர் ஆகிவிடும்.

சாலை மடத்தனம் என்று உங்களிடம் சொன்னவர்கள் 2006க்கு முந்தின காலத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம். அப்போது குலு, கிட்கும் பக்கமெல்லாம் கலகக்காரர்கள் தாக்கிக்கொண்டிருந்தார்கள், சுற்றுலா என்று அந்த வழியில் போகத் துணிந்தவர்கள் குறைவு. கிடேப்போ ஆளில்லாப் பூங்கா ஆனதற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது நிலைமை வேறு. ஆனால் கரமோஜா பக்கம் மாடு கவர்தலும் துப்பாக்கியும் முழுதாக ஓய்ந்ததில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் கிட்கும் ஆட்களிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இருட்டில் ஓட்டவே கூடாது.

விமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எண்டெபேயிலிருந்து குட்டி விமானம் போகிறது. ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். இறங்கிய பிறகு சுற்றுவதற்கு வண்டி தனி. நாலு பேர் போகவர ஆகும் பணத்தில் ஒரு ஜீப்பைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

பூங்காக் கட்டணம் ஒரு ஆளுக்கு 30 டாலர்.

2023 நவம்பர் 12

கட்டணத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். 30 டாலர் என்பது என்னைப் போல இங்கே குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு. வெளியிலிருந்து வரும் உங்களுக்கு 40 டாலர். கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்குச் சொற்பம், ஷில்லிங்கில். ஆக ஒரே வாசலில் மூன்று விலை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் டிக்கெட் விலையைப் பார்த்து முகம் சுளித்ததை நாம் வேடிக்கை பார்த்தோம் இல்லையா, அதற்கான தண்டனை.

கட்டணம் 24 மணி நேரத்துக்கு. மதியம் மூன்றுக்கு நுழைந்தால் மறுநாள் மதியம் மூன்று வரை செல்லும். காலை ஆறுக்கு நுழைந்து மறுநாள் காலை உலா போய்விட்டு வந்தால் இரண்டு நாள் கணக்கு. நான் கணக்கு எழுதுகிறவன், இதில் ஏமாந்திருக்கிறேன்.

டாலர் நோட்டு புதிதாகக் கொண்டுவாருங்கள். பழைய வருடத்து நோட்டையும் சின்ன நோட்டையும் மாற்றுக் கடையில் குறைந்த விலைக்கு எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். நூறு டாலர் நோட்டுக்குத்தான் முழு மரியாதை.

2023 நவம்பர் 19

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் அட்டை கட்டாயம். விசா இணையத்தில்தான், விண்ணப்பத்தோடு அட்டையின் படத்தையும் ஏற்ற வேண்டும். ஒருமுறை நுழையும் சுற்றுலா விசா 50 டாலர். கென்யா, ருவாண்டாவையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மூன்று நாட்டுக்கும் பொதுவாக 100 டாலர் விசா ஒன்று உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியாக அடைத்து வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டி வேறு விமானத்தில் போய்... சரி, அது பெரிய கதை. அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

மாமனாருக்கு அறுபது தாண்டியிருந்தால் இந்த ஊசிக்கு முன் டாக்டரிடம் அவசியம் பேச வேண்டும். மலேரியா மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் விழுங்க வேண்டும். பாதிப் பேர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் 2

சாப்பாடு. மாமனார் சைவம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்.

பூங்காவுக்குள் அப்போகா என்ற இடத்தில் வனத்துறையின் குடில்கள் இருக்கின்றன. பண்டா என்பார்கள், வட்டச் சுவர், கூரை, கட்டில், கொசுவலை. பக்கத்திலேயே பணக்காரர்களுக்கு ஒரு விடுதியும் உண்டு, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. குடிலில் தங்குகிறவர்கள் சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேண்டீன் ஆட்கள் சமைத்துத் தருவார்கள். அரிசி, பருப்பு, புளி, வெங்காயம், ஒரு டப்பா இட்லிப்பொடி, எண்ணெய், குடிதண்ணீர் எல்லாம் கம்பாலாவிலேயே வாங்கலாம். இந்தியக் கடைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

வழியில் ‘ரோலெக்ஸ்’ சாப்பிடுங்கள். கடிகாரம் இல்லை. சப்பாத்தியில் ஆம்லெட்டை வைத்துச் சுருட்டித் தருவது. ரோட்டோரக் கல்லில் சுடச்சுடப் போடுவார்கள், முட்டை இல்லாமல் கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மற்றபடி வேகவைத்த வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும் சைவந்தான்.

அப்புறம், ஜனவரி கடைசியில் நான் மறுபடி போகிறேன். ஊரிலிருந்து மைத்துனர் வருகிறார். சரியான மாதத்தில் போனால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2024 ஜனவரி 28

வந்துவிட்டேன். உடம்பில் செம்மண் போகவில்லை, அதனால் குளிர்ச்சியாக எழுத முடியாது.

முதலில் வண்டி. கம்பாலாவில் ஒரு கம்பெனியில் எடுத்தோம், பெயர் வேண்டாம். கிளம்பும்போது நாலு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தேன், பெரிய நிபுணன் மாதிரி. ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. ஓரோம் தாண்டி ஒரு இறக்கத்தில் பின்சக்கரம் போயிற்று. ஸ்டெப்னியை இறக்கினால் அது வழுக்கைத் தலை, ஓரத்தில் விரல் நுழையும் வெடிப்பு. வேறு வழியில்லை, அதைத்தான் மாட்ட வேண்டும். ஜாக்கியை வைத்து ஏற்றினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. மேலே காய்ந்த ஓடு, அடியில் பொதபொதவென்று கரிசல். மைத்துனர் வெயிலில் நின்றுகொண்டு, “மாமா, மசாய் மாராவுக்கே போயிருக்கலாம்” என்றார்.

மாடு மேய்க்கும் பையன்கள் இருவர் வந்து நின்றார்கள். தோளில் போர்வை, கையில் குச்சி, ஆளுக்கொரு சின்ன மர முக்காலி. அந்த முக்காலி கரமோஜோங் ஆண்களோடு கூடவே போகும். உட்காருவதற்கும் அதுதான், தலைக்கு வைத்துப் படுக்கவும் அதுதான். பெரியவன் ஜாக்கியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முக்காலியைக் கீழே வைத்துவிட்டு ஓடை வரை போய், தோசைக்கல் அகலத்தில் ஒரு பலகைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து ஜாக்கிக்கு அடியில் நகர்த்தினான். பத்து நிமிடத்தில் சக்கரம் மாறிவிட்டது. கம்பாலாவில் பேசும் லுகாண்டாவை அவனிடம் பேசினேன், சிரித்தான், புரியவில்லை. ‘அலகாரா’ என்றால் நன்றி என்று ஒரு காவலர் சொல்லித்தந்திருந்தார், அதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தான், என் உச்சரிப்புக்காக. இரண்டு பேருக்கும் அன்னாசி கொடுத்தோம்.

ஆகவே மேலே நவம்பர் 9இல் எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்டெப்னி இரண்டு. இரண்டையும் இறக்கிக் கண்ணால் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடி அகலப் பலகை ஒன்று.

அப்போகா குடிலில் முதல் இரவு. பன்னிரண்டு மணிக்கு மேல் ஜெனரேட்டர் சத்தம் எதுவும் இல்லை, சுத்தமான இருட்டு. ஜன்னலுக்கு வெளியே யாரோ துணியைக் கிழிப்பது போல் கறுக் கறுக் என்று சத்தம். மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார், இதை அவர் மறுப்பார். டார்ச்சை அடிக்காமல் கொசுவலை வழியாகப் பார்த்தால், சுவரை ஒட்டி ஒரு காட்டெருமை புல் மேய்கிறது. அதன் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. கழிப்பறை இருபது அடி தள்ளி. இருவரும் விடியும் வரை பொறுமையாக இருந்தோம். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் காவலரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட வெளியே போக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

காலையில் மைத்துனரின் ஒற்றைச் செருப்பைக் காணோம். நரி என்றார் காவலர். செருப்பை உள்ளே வையுங்கள்.

நாருஸ்: நான் சொன்னது சரியாகிவிட்டது, அதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். புல் முழங்கால் அளவுகூட இல்லை, பாதி எரிந்து கருகிக் கிடந்தது. காட்டெருமைக் கூட்டம் ஒன்று தண்ணீருக்கு இறங்கியதை முக்கால் மணி நேரம் பார்த்தோம். முன்னால் போனவை குடித்து முடித்துத் திரும்பும்போதும் பின்னால் வருபவை மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. எண்ணத் தொடங்கி நானூறில் விட்டுவிட்டேன். சிவகுண்டல மரத்தடியில் யானைகள். சென்னையில் சில தெருக்களில் இந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள், சுரைக்காய் மாதிரி தடித்த காய் கயிற்றில் தொங்கும். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஒட்டகச்சிவிங்கி ஒரே இடத்தில் பதினொன்று. தொண்ணூறுகளில் இந்தப் பூங்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்ட இனம் அது. துப்பாக்கி மலிந்த காலத்தில் காண்டாமிருகம் தப்பவில்லை. உகாண்டா முழுக்கவே 1983இல் அது அற்றுப்போயிற்று.

சிங்கத்தைக் கடைசி நாள்தான் பார்த்தோம். இங்கே சிங்கங்கள் பாறை மேல் ஏறிப் படுக்கும். நாங்கள் பாறையைச் சுற்றி இரண்டு முறை போனோம், மூன்றாவது முறை காவலர் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். பெண் சிங்கம், பாறை நிறம், எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தது. முதல் இரண்டு முறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்களைத் தவிர வேறு வண்டி இல்லை. மூன்று நாளில் மொத்தம் நாலு வண்டிதான் கண்ணில் பட்டது.

2024 ஜனவரி 30

ஈயைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கை அரிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

செட்சி ஈ. வடக்கே கிடேப்போ பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியில் மரக்காட்டுக்குள் வண்டியைத் துரத்திக்கொண்டு வரும். மாட்டு ஈ மாதிரி இருக்கும், ஆனால் அடித்தால் சாகாது, நசுக்க வேண்டும். தடித்த துணியையும் துளைத்துக் கடிக்கும். கொசுவுக்குப் பூசும் களிம்பை அது பெரிதாக மதிப்பதில்லை. கருநீலமும் கறுப்பும் அதற்கு மிகப் பிடித்த நிறம். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலமும் கறுப்புமான துணியில்தான் தைக்கிறார்கள். மைத்துனர் புது ஜீன்ஸும் கறுப்புச் சட்டையும் போட்டு வந்திருந்தார். நடமாடும் பொறி. என் பக்கம் பாதி ஈ வரவில்லை, அந்த வகையில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

தூக்க நோயைப் பரப்புவது இந்த ஈதான். கடித்தவுடன் பயப்படாதீர்கள், ஆனால் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். காக்கி, மர நிறம், சாம்பல் போட்டு வாருங்கள். முழுக்கை.

2024 பிப்ரவரி 4

நான் வடக்கே போனதற்கு உண்மையான காரணத்தை இன்னும் எழுதவில்லை.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். 2021இல் போனபோது காவலர் ஒருவர் பேச்சுவாக்கில், கிடேப்போ என்றால் ‘பொறுக்குவது’ என்று பொருள் என்றார். கரமோஜோங்கில் ஒரு பிரிவான டோடோத் மக்களின் மொழியில் ‘அகிடெப்’ என்றால் பொறுக்கு. எதைப் பொறுக்குவது என்று கேட்டேன். ஆற்றங்கரையில் விழும் பழத்தை, ஊறவைத்துச் சாராயம் மாதிரி செய்ய, என்றார். என்ன பழம்? கையால் அளவு காட்டினார். தேங்காயைவிடச் சற்றுச் சின்னது, மஞ்சள், நார் நாராக இருக்கும், யானைக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். எனக்கு உடனே வாசனையே வந்துவிட்டது. பனம்பழம்!

அந்த முறை மழையில் வடக்கே போகும் பாதை மூடிக் கிடந்தது. இந்த முறை போனோம். அப்போகாவிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆறு என்று சொல்கிறார்கள், தண்ணீர் இல்லை, வெள்ளை மணல் மட்டும், வருடத்தில் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்குமாம். வண்டியை விட்டு இறங்கி மணலில் நின்றோம். தண்ணீர் மணலுக்கடியில் ஓடுகிறது, வைகை மாதிரி. இரண்டு கரையிலும் பனை. தூரத்தில் தெற்கு சூடான் மலை. பனைக்கு அப்பால் நாலு நெருப்புக்கோழி நடந்து போயிற்று. உகாண்டாவின் தேசியப் பூங்காக்களில் நெருப்புக்கோழி இங்கே மட்டுந்தான், சிவிங்கிப்புலியும் அப்படித்தான்.

காற்றடித்தது. காவோலை உரசும் சத்தம். கண்ணை மூடினால் எங்கள் தோட்டத்து வரப்பு. மைத்துனர் ஒன்றும் பேசவில்லை, அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

திறந்தால் வேறு ஊர். முதலில் அடிமரம். நம் பனை நேராகப் போகும். இது மேலே போகப்போக நடுவில் புடைத்து, பாம்பு எலியை விழுங்கிய மாதிரி வயிறு வைத்திருக்கிறது. ஏறுகிறவன் அந்த வயிற்றில் எப்படிக் காலைக் கோப்பது என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. பாளை சீவிய தடம் எதுவும் இல்லை, காவோலை கழித்த தடமும் இல்லை. காய்ந்த மட்டைகள் வடலிகளைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கின. நுங்கு வெட்ட ஆளில்லாத பனங்காட்டை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கீழே பழம் கிடந்தது. ஒன்று யானை மிதித்தது, ஒன்று முழுசு. முழுசை எடுத்து முகர்ந்தேன். அதே வாசனை, கொஞ்சம் கூர்மை குறைவு என்று மைத்துனர் சொன்னார். பைக்குள் போடப் போனேன். காவலர் பதறாமல், மரியாதையாக, கீழே போடச் சொன்னார். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது, அது யானைக்கு, என்றார். ‘பொறுக்குவது’ என்று பெயர் வைத்த இடத்தில் பொறுக்கக் கூடாது.

போட்டுவிட்டேன். கையில் நார் ஒட்டியிருந்தது, அதை அவர் கேட்கவில்லை.

2024 பிப்ரவரி 6

நண்பர் ஒருவர் ‘அது நம் பனை இல்லை, பேரிக்ஸ் வேறு’ என்று எழுதியிருக்கிறார். பேரினம் ஒன்று, இனம் வேறு என்று சொல்ல வருகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன், போன் திருத்திவிட்டது போலிருக்கிறது. சரிதான், அண்ணன் தம்பி மரம். வயிறு இருப்பதால் அதுதான் அண்ணன் என்று நினைக்கிறேன். ‘நம் பனை’ என்று நான் எழுதவில்லை, ஆனால் அந்த மாதிரி உருகிவிட்டேன் என்பது உண்மை.

பனங்கிழங்கு உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். யானைச் சாணத்தோடு விழுந்த கொட்டை முளைத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். தோண்டவில்லை. மேலே சொன்ன காவலர் பக்கத்திலேயே நின்றார்.

2024 பிப்ரவரி 18

திருப்பூர்த் தம்பி இரண்டு விஷயம் கேட்கிறார்.

ஒன்று, வெந்நீர் ஊற்று. கனங்கோரோக் என்று பெயர், மணல் ஆற்றைத் தாண்டி எல்லைப் பக்கம். போனேன். வெந்நீர். அவ்வளவுதான்.

இரண்டு, மோருங்கோலே மலையில் இக் மக்களின் கிராமத்துக்கு நடந்து போகும் சுற்றுலா. மலை 2,750 மீட்டர், ஏறி இறங்க ஒரு முழு நாள். 2021இல் ‘தவறவிடாதீர்கள்’ என்று வேறொரு இழையில் நானே எழுதியிருக்கிறேன், போகாமலே. இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. இக் மக்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடியும் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். அறுபதுகளில், 1962இல் பூங்கா வந்ததை ஒட்டி, அந்த நிலம் அவர்களுக்கு மூடப்பட்டது. மலைக்கு ஏறினார்கள், பஞ்சத்தில் அடிபட்டார்கள். நான் ஒரு பழத்தைக் கீழே போட்டதற்கு நாலு பத்தி எழுதினேன். அவர்கள் பள்ளத்தாக்கையே விட்டுப்போனவர்கள். அங்கே போய் நாம் கேமராவோடு நிற்பது எப்படியோ இருக்கிறது. மறுபக்கம், வழிகாட்டிக் கூலியும் கிராமத்துக்குத் தரும் பணமும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்றும் காவலர் சொன்னார். மகள் பத்தாவது படிக்கிறாள் என்றீர்கள். அவளிடமே இதைச் சொல்லி, போகலாமா என்று கேளுங்கள். நான் மூன்றாவது முறை போனால் ஏறுவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 19

அரையாண்டு லீவில் வருகிறேன் என்று முடிவு செய்துவிட்டீர்களே, அதை முதல் வரியில் எழுதக் கூடாதா! டிசம்பர் கடைசி சரியான காலம். மழை நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், புல் இன்னும் முழுக்கச் சாய்ந்திருக்காது, ஜனவரி கடைசி அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஏப்ரலோடு ஒப்பிட்டால் சொர்க்கம். கிறிஸ்துமஸ் வாரத்தில் கம்பாலாவே சொந்த ஊருக்குக் கிளம்பும், பஸ்ஸெல்லாம் வடக்கே பறக்கும். 23, 24 தேதிகளில் சாலையில் இருக்காதீர்கள். அப்போகா குடிலை இப்போதே பதிவு செய்யுங்கள், அந்த வாரம் இங்குள்ளவர்களும் வருவார்கள்.

2024 செப்டம்பர் 26

அவசரம். கருமா பாலத்தை மூன்று மாதத்துக்கு மூடிவிட்டார்கள், பழுதுபார்ப்பு. 1963இல் கட்டின பாலம், கனரக வண்டிகளை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். மேலே எழுதிய வழி இப்போது இல்லை. சின்ன வண்டிகள் மசிண்டி, பரா, பக்வாச் வழியாகச் சுற்றிக் குலு போகலாம். அந்த வழி முர்ச்சிசன் நீர்வீழ்ச்சிப் பூங்காவுக்குள் போகிறது. சுற்றுதான், ஆனால் மோசமில்லை. நைல் நதி முழுவதும் ஏழு மீட்டர் இடுக்கில் நுழைந்து 43 மீட்டர் கீழே விழுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு இரவு அங்கே போட்டுவிட்டால் மாமனாருக்கும் இடுப்பு தாங்கும். டிசம்பருக்குள் பாலம் திறந்தாலும் இதே வழியில் போங்கள் என்றுதான் சொல்வேன்.

2025 ஜனவரி 5

திருப்பூர்த் தம்பி ஊர் போய்ச் சேர்ந்து நேற்றிரவு கூப்பிட்டார், எழுத நேரமில்லையாம், என்னையே போடச் சொன்னார்.

சிங்கம் பார்க்கவில்லை. உறுமல் கேட்டதாம், இரண்டு இரவு. சிவிங்கிப்புலி பார்த்திருக்கிறார்கள், நான் இரண்டு முறை போயும் பார்க்காதது. இதை மூன்று தடவை சொன்னார். மாமனார் நாலு நாளும் இட்லிப்பொடியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கடைசி நாள் முட்டை போட்ட ரோலெக்ஸைத் தெரியாமல் தின்றுவிட்டார், இன்னும் அவருக்குச் சொல்லவில்லை, இங்கே வந்து படிக்க மாட்டார் என்கிறார். மலைக்கு ஏறவில்லை. மகள் வேண்டாம் என்றாளாம். காரணம் நான் சொன்னது இல்லை, செருப்பு அறுந்துவிட்டது.

ஸ்டெப்னி இரண்டு எடுத்துப் போனார். இரண்டும் தேவைப்படவில்லை. இரண்டாவதற்கு வண்டிக்காரர் நாள் வாடகை தனியாகப் போட்டுவிட்டாராம், அதற்கு என்னைத் திட்டினார். பலகையையாவது பயன்படுத்தினீர்களா என்று கேட்டேன். அதன்மேல் உட்கார்ந்து பனங்காட்டைப் பார்த்தோம் என்றார்.